புழுக்கை பொறுக்கப் போகும் முன்: காட்டுயிர் இனக்கூட்ட மரபியலுக்குப் புதியவர்களுக்கு

முதுநிலைப் படிப்பு முடித்து ஆய்வுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: “இந்த விலங்கின் மரபணு வேறுபாட்டை ஆராய விரும்புகிறேன்.” நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒருவர் முன்னால் போய் நின்றேன். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே, “சரி, வேறுபாடு 0.6 என்று வந்தால் வனத்துறையை என்ன செய்யச் சொல்வீர்கள்? 0.7 என்று வந்தால்?” என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: கட்டுரை எழுதுவேன். அந்தச் சங்கடம் உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே விலங்கைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன். வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, சங்கப் பாடல்களில் ‘வருடை’ என்று வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உங்கள் விலங்கு தவளையாக இருக்கலாம், மீனாக இருக்கலாம், சோலைக்காட்டு மரமாகவும் இருக்கலாம். படிகள் பெரும்பாலும் இவையேதான்.

அடிப்படை: ஒரு குடம், கொஞ்சம் ஓலை

தமக்குள் இணைசேரும் வாய்ப்புள்ள ஒரே இன உயிர்களின் தொகுதி இனக்கூட்டம். ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்களான அல்லீல்கள் அந்தக் கூட்டத்துக்குள் தலைமுறைதோறும் எப்படிக் கூடுகின்றன, குறைகின்றன என்று கணக்குப் பார்ப்பதே நம் தொழில். சடுதிமாற்றம், இயற்கைத் தேர்வு, கூட்டங்களுக்கு இடையிலான மரபணு ஓட்டம், மரபியல் நகர்வு ஆகிய நான்கும் அந்தக் கணக்கை மாற்றுகின்றன. சிறிய கூட்டங்களில் நான்காவதுதான் ஆட்டிப்படைக்கும்.

குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் நூறு ஓலை, அவற்றில் முப்பது வகைப் பெயர்கள். கண்ணை மூடிப் பத்தை எடுக்கிறீர்கள். அந்தப் பத்தில் உள்ள பெயர்களையே நகலெழுதி மறுபடி குடத்தை நிரப்புகிறீர்கள். மீண்டும் பத்து, மீண்டும் நகல். நாலைந்து சுற்றில் பெரும்பாலான பெயர்கள் காணாமல் போய்விடும். தகுதியில்லாததால் போகவில்லை, கையில் அகப்படாததால் போயின. மரபியல் நகர்வு என்பது இவ்வளவுதான்.

எத்தனை ஓலை எடுக்கப்படுகிறது என்பதற்கு இணையான எண்ணைப் பயனுறு தொகை என்று சொல்வோம். மலையில் எண்ணப்படும் தலைகளின் எண்ணிக்கை வேறு, இது வேறு. குட்டிகள், இணைசேர வாய்ப்புக் கிடைக்காத கிடாக்கள், கிழங்கள் எல்லாம் கழிந்த பிறகு, அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணுவைக் கொடுப்பவற்றின் அளவு இது. ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டம் இழக்கும் வேறுபாட்டின் பங்கு, ஒன்றைப் பயனுறு தொகையின் இருமடங்கால் வகுத்தால் வரும். பயனுறு தொகை 50 என்றால் தலைமுறைக்கு 1 விழுக்காடு. 20 தலைமுறையில் ஏறத்தாழ 18 விழுக்காடு போய்விடும். பயனுறு தொகை 10 என்றால் அதே 20 தலைமுறையில் 64 விழுக்காடு போகும். இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். பல நூல்களைப் புரட்டும் வேலை மிச்சமாகும்.

படி 1: முடிவில் தொடங்கிக் கேள்விக்கு வாருங்கள்

இதுதான் நீளமான படி. ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

தமிழ்நாடு அரசு 2022இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதன் நோக்கங்களில் ஒன்று, வரையாடு முன்பு வாழ்ந்து இப்போது இல்லாத இடங்களில் அதை மறுபடி குடியேற்றுவது. ஆக ஒரு முடிவு காத்திருக்கிறது: நீலகிரியில் ஓர் இடத்தில் ஆடுகளை விடுவதானால் எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்தில் இருக்கும் முக்குருத்தியின் சிறிய கூட்டத்திலிருந்தா, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஆனைமலைப் பக்கத்தின் பெரிய கூட்டத்திலிருந்தா?

பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள தாழ்நிலம். மலையுச்சிப் புல்வெளியில் வாழும் விலங்குக்கு அது கடல் மாதிரி. கணவாயின் வடபுற வரையாடுகளும் தென்புற வரையாடுகளும் மரபணு அளவில் இரு தனித்தனித் தொகுதிகள் என்று ஏற்கெனவே ஆய்வுகள் காட்டியுள்ளன. “இரண்டும் வேறு” என்று மூன்றாவது முறையாகக் கண்டுபிடிப்பதால் யாருக்கும் பயனில்லை. பயனுள்ள கேள்வி இது: அந்த வேறுபாடு நெடுங்காலம் பிரிந்து தத்தம் மலைக்கேற்ப மாறியதால் வந்ததா, அல்லது வடபுறக் கூட்டம் சிறுத்துப்போனதால் குடவோலைக் குலுக்கலில் வந்ததா? முதலாவது என்றால் கலக்கத் தயங்க வேண்டும். இரண்டாவது என்றால் கலக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

இரண்டு பக்கமும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் எஞ்சியிருந்த மலைச்சிங்கங்கள் சுமார் 20 முதல் 30 என்ற அளவுக்குச் சுருங்கி, மடங்கிய வால், இறங்காத விரை, இதயக் கோளாறு என்று உட்கலப்பின் (நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்வதன்) அடையாளங்களோடு தவித்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கூட்டம் பல மடங்கு பெருகியது. இதற்கு நேர்மாறாக, பாடநூல்கள் விடாமல் சொல்லும் கதை தாத்ரா மலையின் காட்டாடுகளுடையது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் குடியேற்றப்பட்ட ஆடுகளோடு துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் கொண்டுவந்த ஆடுகளைக் கலக்கவிட்டார்கள். கலப்பில் பிறந்தவை பருவம் தவறி இணைசேர்ந்தன; குட்டிகள் கடுங்குளிரான பிப்ரவரியில் விழுந்தன; கூட்டமே அழிந்தது. நம்முடையதும் மலை ஆடுதான் என்பதால் இந்தக் கதையை மறக்காதீர்கள். நான் கேட்டவரையில், புளோரிடாக் கதையை மட்டும் சொல்பவர்களுக்குக் கலப்பதில் அவசரம் அதிகம், தாத்ராக் கதையை மட்டும் சொல்பவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் விருப்பம் அதிகம்.

வேறுபாடு குறைவு என்பது மட்டுமே மரண ஓலை ஆகிவிடாது என்பதற்கு வாக்கீட்டா இருக்கிறது. கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் சிறு கடற்பன்றி அது, எஞ்சியவை பத்து அளவில்தான். 2022இல் வந்த முழு மரபணுத்தொகுதி ஆய்வு, அது நெடுங்காலமாகவே சிறிய கூட்டமாக இருந்து பழகியது, உட்கலப்பால் அழிய வேண்டிய கட்டாயம் இல்லை, மீன்வலையில் சிக்கிச் சாவது நின்றால் பிழைக்கும் என்று சொன்னது. மரபியலாளர் சொன்ன உருப்படியான பதில்: “சிக்கல் மரபணுவில் இல்லை, வலையில்.”

சரி, முன்னுரிமைகளை எப்படி வரிசைப்படுத்துவது? என் வரிசை இது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

முதலில், அண்மையில் துண்டிக்கப்பட்டவை எவை என்ற கேள்வி. சாலை, அணை, தேயிலைத் தோட்டம், சீகை, தைலமரக் காடு ஆகியவை எந்தக் கூட்டத்தை எந்தக் கூட்டத்திடமிருந்து வெட்டின? ஒடிசாவின் சிமிலிபாலில் கறுப்புப் புலிகளைப் பார்த்து உலகமே வியந்தது. கோடுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிய அந்தத் தோற்றத்துக்கு ‘டாக்பெப்’ என்ற மரபணுவின் ஒரு சடுதிமாற்றமே காரணம் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் காட்டியது. மற்ற காட்டுப் புலிக் கூட்டங்களில் தென்படாத அந்த அல்லீல் சிமிலிபாலில் பாதிக்கு மேல் பரவியிருந்தது. சுற்றுலாப் பயணிக்கு அது அழகு. நமக்கு அது தனிமைப்பட்ட சிறு கூட்டத்தின் நோய்க்குறி.

இரண்டாவது, பயனுறு தொகை எவ்வளவு என்பது. மூன்றாவது, உட்கலப்பு உண்மையில் தீங்கு செய்கிறதா என்பது: குட்டி இறப்பு, விந்துக் குறைபாடு, நோய். நான்காவது, காலப்போக்கு. அதே இடத்தில் இருபது ஆண்டு கழித்து மறுபடி மாதிரி எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் நம் நாட்டில் அரிது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய தோல்களும் மண்டையோடுகளும் இதற்காகவே காத்திருக்கின்றன. ஐந்தாவது, யாரும் சீண்டாத உயிர்களின் எல்லைக்கோடுகள். புலிக்கும் யானைக்கும் ஆள் இருக்கிறது, ஓடைமீனுக்கு இல்லை. காலநிலை மாற்றத்துக்குத் தகவமையும் மரபணுக்களைத் தேடுவதைக் கடைசியில் வைக்கிறேன். முக்கியமில்லை என்பதால் இல்லை. நூற்றுக்கணக்கில் நல்ல மாதிரிகளும் அனுபவமும் கேட்கும் வேலை, முதல் திட்டத்துக்கு ஏற்றதல்ல.

கையில் காசில்லாதவர்களுக்கு ஒரு செய்தி. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மான்ட்ரியல் பல்லுயிர்ச் சட்டகம், காட்டு உயிர்களின் மரபணு வேறுபாட்டைக் காப்பதையும் நாடுகளின் கடமையாக்கியது. அதற்கான முதன்மைக் குறியீடுகளில் ஒன்று, ஓர் இனத்தின் எத்தனை பங்குக் கூட்டங்களில் பயனுறு தொகை 500க்கு மேல் இருக்கிறது என்பது. டி.என்.ஏ. இல்லாவிட்டாலும் இதைத் தோராயமாகப் போடலாம். வளர்ந்த விலங்குகளின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைப் பயனுறு தொகையாகக் கொள்வது வழக்கம். வரையாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303. குட்டிகளையும் சேர்த்து எல்லாம் ஒரே கூட்டம் என்று தாராளமாக வைத்தாலும் பயனுறு தொகை சுமார் 130. கேரளத்தையும் சேர்த்தால்கூட 300ஐ எட்டாது. உண்மையில் அவை மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. ஆய்வகத்துக்குள் நுழையாமலே உங்கள் முதல் அறிக்கை தயார்.

இந்தப் படியின் சோதனை: ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதி, கீழே “விடை ஆம் என்றால் இவர் இதைச் செய்வார், இல்லை என்றால் இதைச் செய்வார்” என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

படி 2: விலங்கைப் படியுங்கள், முன்னோரைப் படியுங்கள்

வரையாட்டை ‘இமயமலைத் தார்’ என்ற காட்டாட்டுக்கு நெருங்கிய உறவு என்று நெடுநாள் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு ஒப்பீடு செய்தபோது அது செம்மறியின் பக்கம் நிற்பது தெரிந்து, ‘நீலகிரிட்ராகஸ்’ என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். உருவத்தை நம்பி உறவை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு வீட்டருகிலேயே பாடம்.

பக்கத்து வீட்டு உயிர்களையும் பாருங்கள். சோலைக்காட்டுச் சிறுபறவைகளில் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் செய்த வேலை, பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் எவ்வளவு ஆழமான பிளவுகள் என்று காட்டியது. 2017இல் ‘ஷோலிகோலா’, ‘மான்டிசின்க்லா’ என்ற இரு புதிய பேரினங்களே அதிலிருந்து பிறந்தன. யானைகளிலும் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் வேறுபாடு தெரிகிறது. பறக்கும் பறவைக்கும் நடக்கும் யானைக்கும் ஒரே இடத்தில் கோடு விழுகிறது என்றால், உங்கள் உயிருக்கும் அங்கே விழுமா என்பதை முதலில் சோதிக்கலாம். விழாவிட்டால்தான் சுவாரசியம்.

பிறகு வாழ்முறை. வரையாட்டில் பெட்டைகளும் குட்டிகளும் மந்தையாக இருக்கும். வளர்ந்த கிடாக்கள் ஆண்டின் பெரும்பகுதி விலகித் திரியும். இணைசேரும் பருவம் மழைக்காலம். குட்டி ஈனும் காலம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி. இரவிகுளம் பூங்காவைச் சுற்றுலாவுக்கு மூடுவது அதனால்தான். அந்த மாதங்களில் மந்தைக்குள் நுழைந்து மாதிரி எடுக்கத் திட்டம் போடாதீர்கள். உங்களுக்கு அனுமதி கிடைத்தாலும் போகாதீர்கள்.

இதையெல்லாம் கட்டுரைகளைவிட வேட்டைத் தடுப்புக் காவலர்களிடம் விரைவாகக் கற்கலாம். முதல் பயணத்தில் எதையும் சேகரிக்காமல் அவர்களோடு ஒரு வாரம் நடந்துவிட்டு வாருங்கள்.

படி 3: அனுமதி

வரையாடு 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கீழே கிடக்கும் புழுக்கையை எடுக்கவும் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துவழி அனுமதி வேண்டும். கணவாயின் இருபுறமும் வேலை என்றால் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் தனித்தனியாக. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் சேரும். முடிந்தவரை உள்நாட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், டேராடூனின் இந்திய வனஉயிரின நிறுவனம், கோவையின் சாலிம் அலி மையம், வண்டலூரின் உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றில் காட்டுயிர் மரபியல் வேலை நடக்கிறது. அனுமதிக்கு ஆகும் காலத்தை நீங்கள் நினைப்பதைப் போல் இருமடங்காக வைத்துக்கொண்டு, கால அட்டவணை போடுங்கள்.

படி 4: மாதிரி எடுத்தல்

ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பழி மட்டும் இயந்திரத்தின் மேல் விழும்.

காட்டு விலங்கைப் பிடித்து மயக்கி ரத்தம் எடுப்பது நம் வேலைக்குத் தேவையில்லை. புழுக்கையின் மேற்புறத்தில் குடற்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டிய டி.என்.ஏ. அங்கேதான். பாறைகளில் உரசி விட்டுப்போன முடியில் வேர் இருந்தால் அதுவும் உதவும். புழுக்கை ஈரப்பளபளப்போடு இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் மேற்புறம் கழுவிப் போய்விடும். ஒரு நாள் வெயில் பட்டால் டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடையும். நீலகிரியின் மேற்குச் சரிவில் மழை, வெயில், மூடுபனி மூன்றும் ஒரே காலையில் வரும். விடியுமுன் கிளம்பி, தூரத்திலிருந்து மந்தையைப் பார்த்து, அது நகர்ந்த பிறகு அந்த இடத்துக்குப் போவதே நல்ல வழி.

ஒரு குவியலிலிருந்து நாலைந்து புழுக்கைகளைச் சுத்தமான குச்சியால் குப்பிக்குள் தள்ளுங்கள். குவியலுக்குக் குவியல் புதுக் குச்சி, புதுக் கையுறை. பாதியைத் தூய எத்தனாலில், பாதியைச் சிலிக்கா ஜெல்லில். இரண்டு முறையில் எது உங்கள் விலங்குக்குச் சரிப்படும் என்று முதல் இருபது மாதிரியிலேயே தெரிந்துவிடும். குப்பியின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். எத்தனால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் எண் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சிறு தாளைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். நான் ஒரு பருவத்தில் பதினேழு குப்பிகளை இப்படி அநாதைகளாக்கியிருக்கிறேன். எல்லாம் நல்ல மாதிரிகள். எந்த மலையிலிருந்து வந்தவை என்று மட்டும் தெரியாது.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, உயரம், புழுக்கையின் புதுமை, மந்தையின் அளவு, எடுத்தவர் பெயர், ஒரு புகைப்படம். தேடியும் கிடைக்காத இடங்களையும் எழுதுங்கள்.

எத்தனை வேண்டும்? வேறுபாட்டை அளக்க நாம் படிக்கும் டி.என்.ஏ. இடங்களைக் குறிகள் என்போம். மைக்ரோசாட்டிலைட் குறிகளுக்கு (ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்), ஒரு கூட்டத்துக்கு இருபது முதல் முப்பது தனி விலங்குகள் என்பது பழைய வழக்கு. ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி. குறிகள் (டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து மாறும் இடங்கள்) இருந்தால் இரு கூட்டங்களின் இடைவெளியை அளக்க அதைவிடக் குறைவானவையே போதும். ஆனால் எண்ணிக்கையைவிடப் பரவல் முக்கியம். முப்பது புழுக்கையையும் ஒரே மந்தையின் படுக்கையிடத்தில் எடுத்தால், தாயும் மகள்களும் பேத்திகளும் கொண்ட ஒரு குடும்பத்தின் கதையைத்தான் சொல்வீர்கள். அது கணினியில் “தனித்த இனக்கூட்டம்” என்று பளிச்சென்று தெரியும். கட்டுரைகளிலும் அப்படி வந்திருக்கிறது.

படி 5: எந்தக் குறி?

மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. மலிவு, கெட்ட மாதிரியிலும் கிடைக்கும். ஆனால் அது தாய்வழியாக மட்டும் இறங்குவது. நீலகிரிப் பகுதி யானைக் கூட்டம் உலகிலேயே பெரிய ஆசிய யானைக் கூட்டங்களில் ஒன்று. 2005இல் வெளிவந்த ஆய்வில் அதில் ஒரே ஒரு மைட்டோகாண்டிரியா வகைதான் கிடைத்தது. பெண் யானைகள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை, ஆண்கள்தான் அலைகின்றன. ஆகவே பாட்டி வழிக் கதையை வைத்து மொத்தக் குடும்பத்தையும் எடைபோட முடியாது. கிடா விலகித் திரியும் வரையாட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மைக்ரோசாட்டிலைட் தனி விலங்கை அடையாளம் காணவும் அண்மைக் கால உறவைப் பார்க்கவும் நல்லது. ஆனால் ஓர் ஆய்வகத்தில் எடுத்த அளவு இன்னோர் ஆய்வகத்தில் எடுத்ததோடு ஒட்டாது. இருபது ஆண்டு கழித்து ஒப்பிட வேண்டும் என்றால் இது பெரிய குறை. எஸ்.என்.பி. அப்படியல்ல, எழுத்து எங்கும் எழுத்துதான். புலியின் எச்சம் போன்ற மோசமான மாதிரிகளிலிருந்தும் சில நூறு எஸ்.என்.பி.க்களை மலிவாகப் படிக்கும் முறையைப் பெங்களூரில் உருவாக்கியிருக்கிறார்கள். முழு மரபணுத்தொகுதி வாசிப்பு, உட்கலப்பின் அளவை நீண்ட ஒரேமாதிரித் துண்டுகளாக நேரடியாகக் காட்டும்; அதற்கு ரத்தமோ திசுவோ வேண்டும், இயற்கையாக இறந்த விலங்கின் பிரேதப் பரிசோதனையின்போது கிடைத்தால் உண்டு. என்னைக் கேட்டால், நல்ல மாதிரி ஐந்துக்கு முழு வாசிப்பு, அதிலிருந்து தேர்ந்த எஸ்.என்.பி.க்களை வைத்து நூறு புழுக்கைக்குக் குறைந்த செலவு வாசிப்பு. இந்தக் கூட்டணிதான் இப்போதைக்குச் சிக்கனம்.

படி 6: ஆய்வகத்தில்

புழுக்கை மாதிரியைப் பிரித்தெடுக்கும் அறையும் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். ஓடும் அறையும் வேறாக இருக்கட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே போடாத ஒரு வெற்றுக் குப்பியையும் உடன் ஓட்டுங்கள். அதில் ஏதாவது வந்தால் அந்தத் தொகுதியே குப்பைக்கு. முதல் வேலை இன அடையாளம். தோட்டத்து வெள்ளாட்டின் புழுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்து ஆணா பெண்ணா. அடுத்து, இரண்டு குப்பிகள் ஒரே விலங்குடையவையா என்ற சோதனை.

இனி ஒரு பொறியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டி.என்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது, ஒரு விலங்கிடம் உள்ள இரண்டு அல்லீல்களில் ஒன்று மட்டுமே பி.சி.ஆரில் பெருகி, மற்றது விட்டுப்போகும். உண்மையில் இரண்டு வேறு அல்லீல்கள் உள்ள விலங்கு, இரண்டும் ஒன்றே என்பதுபோல் பதிவாகும். இதே தவறு பல குறிகளில் நடந்தால் கூட்டம் முழுவதும் உட்கலப்பில் மூழ்கியிருப்பதுபோல் காட்சி தரும். நீங்களும் பதறி அறிக்கை எழுதுவீர்கள். உண்மையில் மூழ்கியது மழையில் நனைந்த உங்கள் புழுக்கை. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று நான்கு முறை தனித்தனியாகப் படியுங்கள். ஒத்துவராத விகிதத்தைக் கணக்கிட்டுக் கட்டுரையில் வெளிப்படையாகப் போடுங்கள். பிழை விகிதம் சொல்லாத உட்கலப்பு ஆய்வை நான் படிப்பதில்லை.

படி 7: கணினி முன்னால்

முதலில் சுத்தம்: ஒரே விலங்கின் இரட்டைப் பதிவுகள், பாதிக்குமேல் வெற்றிடமான மாதிரிகள், நெருங்கிய குடும்பத்தினர். பிறகு எந்த முன்முடிவும் இல்லாத ஒரு முதன்மைக் கூறு வரைபடம்: மரபணுவில் ஒத்த விலங்குகள் அருகருகே புள்ளிகளாக விழும் படம். புள்ளிகள் எப்படிச் சிதறுகின்றன என்று ஒரு நாள் முழுக்க வெறுமனே பாருங்கள்.

அதன்பின்தான் மாதிரிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கும் ‘ஸ்ட்ரக்சர்’ போன்ற மென்பொருள். 2000ஆம் ஆண்டில் வந்தது, இன்றும் எல்லோரும் ஓட்டுகிறார்கள். அது தரும் வண்ணப் பட்டைகள் கவர்ச்சியானவை, அதனாலேயே ஆபத்தானவை. விலங்குகள் தூரத்துக்கேற்பப் படிப்படியாக வேறுபட்டாலும், நீங்கள் இரண்டு கோடிகளில் மட்டும் மாதிரி எடுத்திருந்தால் அது கூசாமல் இரண்டு கூட்டம் என்று சொல்லும். நடுவில் மாதிரி எடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. கூட்டங்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் பிரபலமான ஒரு கணக்கு, தேவைக்கு மேல் அடிக்கடி ‘இரண்டு’ என்ற விடையையே தருகிறது என்பதும் தெரிந்த குறை.

இன்னொன்று காலத் தாமதம். இருபது ஆண்டுக்கு முன் போட்ட சாலை ஒரு கூட்டத்தை இரண்டாக வெட்டியிருக்கலாம். ஆனால் இருபுறமும் விலங்குகள் ஓரளவு இருந்தால், சில தலைமுறைகளுக்குள் மரபணுவில் அது தெரியாது. “சாலையால் பாதிப்பில்லை” என்று எழுதிவிடாதீர்கள். “இன்னும் தெரியவில்லை” என்று எழுதுங்கள். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் ஒரு நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கான அனுமதி இருக்கக்கூடும்.

பயனுறு தொகையைக் கணக்கிட்டால் சில சமயம் மென்பொருள் ‘முடிவிலி’ என்று விடை தரும். கூட்டம் எல்லையற்றது என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் மாதிரி போதவில்லை. நடு எண்ணை மட்டும் எழுதாமல் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். சிறு கூட்டங்களில் கீழ் எல்லைதான் பேச வேண்டியதைப் பேசும்.

படி 8: சொல்வதும் வைப்பதும்

ஆங்கிலக் கட்டுரை வெளிவர ஓராண்டு ஆகும். அதற்குள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வால்பாறைப் பக்கத்துக்குத் தமிழிலும் மூணாறு பக்கத்துக்கு மலையாளத்திலும் எழுதி, வனச்சரக அலுவலரிடம் நேரில் கொடுங்கள். அதில் கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சொல்லும் எஃப்.எஸ்.டி. போன்ற அளவீடுகள் வேண்டாம். படி 1இல் எழுதிய இரண்டு வரிகளில் எது நடந்தது, அதனால் என்ன செய்யலாம், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்ற மூன்று போதும். உடன் நடந்த காவலர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு நன்றிப் பகுதியில் போடுங்கள்.

தரவைப் பொதுக் களஞ்சியத்தில் இடும்போது இடமும் நாளும் கூடவே போக வேண்டும். நம் நாட்டிலேயே பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. இடமும் நாளும் இல்லாத மரபணுத் தொடரைப் பின்னால் வருபவர் எதனோடும் ஒப்பிட முடியாது. வேட்டை அச்சம் உள்ள விலங்கானால் துல்லியமான புள்ளிக்குப் பதில் சில கிலோமீட்டர் கட்டத்தைக் கொடுங்கள். துல்லியமானதை வனத்துறையிடம் மட்டும்.

கடைசியாக, மிஞ்சிய மாதிரி. எல்லாவற்றையும் பிரித்தெடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பாதியை அப்படியே வைத்திருங்கள். படி 1இல் சொன்ன நான்காவது முன்னுரிமைக்காரர், காலப்போக்கை ஒப்பிடுபவர், ஒருநாள் அதைத் தேடி வருவார். உறைபெட்டி என்றாவது ஒருநாள் கெடும், அதுவும் நீண்ட விடுமுறையில்தான் கெடும். ஆகவே அந்தப் பாதியை இரண்டாகப் பிரித்து இரு வேறு கட்டடங்களில் வையுங்கள். எந்தக் குப்பி எங்கே என்ற பட்டியலைத் தாளில் அச்சிட்டு இரண்டு பெட்டிகளின் கதவிலும் ஒட்டுங்கள். திருத்தங்களைப் பென்சிலால் எழுதுங்கள்.